அண்ணி எண்ணாத மூச்சு

என் அண்ணி செய்யும் வேலையைப் பார்த்து வெளியாள் யாராவது சிரித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். சிரிக்கும் உரிமை நாத்தனாரான எனக்கு மட்டும்தான். அந்த உரிமையை நான் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறையும் வைக்காமல் பயன்படுத்தி வருகிறேன்.

அண்ணி பிலாட்டீஸ் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது ஏதோ புது பிஸ்கட் என்றுதான் நினைத்தேன். பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாகத் தரையிலிருந்து பிரித்து, மறுபடி ஒவ்வொன்றாக இறக்குகிற உடற்பயிற்சி அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் மறுநாள் தும்மக்கூட முடியாது. அதில் பாதி வேலை மூச்சுதான் என்று அண்ணி சொன்னபோது நான் விடுவேனா?

"மூச்சு விடறதுக்கு ஒரு டீச்சரா அண்ணி? பொறந்த கொழந்தை யார்கிட்ட கத்துக்கிட்டு விடுது?"

"பொறந்த கொழந்தை ஒழுங்காத்தான் விடுது. நீதான் மறந்துட்டே."

"யாரு, நானா? விடிஞ்சதுலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறவ நான். மூச்சு இல்லாமலா கத்தறேன்?"

நான் மொத்த மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவள். அப்பாவிடமிருந்து கடையும் வந்தது, குரலும் வந்தது. லாரி இரைச்சலையும் கூலியாட்களின் கூச்சலையும் தாண்டி மார்க்கெட்டின் அந்தக் கோடி வரைக்கும் என் சத்தம் போகும். அங்கே எனக்கு வைத்திருக்கும் பெயரே மைக்செட். அப்படிப்பட்டவளைப் பார்த்து அண்ணி, மூலையில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டையைக் காட்டி, "எங்கே, அதைத் தூக்கு பாப்போம்" என்றார். நான் தம் கட்டித் தூக்கினேன்.

"பாத்தியா, தூக்கும்போது மூச்சை அடைச்சுக்கிட்டே. மூஞ்சி தக்காளியா ஆயிடுச்சு. பாடுபடற நேரத்துலதான் மூச்சை விடணும். முதல்ல இழு, தூக்கும்போது விடு."

அப்படியே செய்தேன். மூட்டை லேசாகத்தான் வந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. நாத்தனாருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே.

அண்ணி இந்த வேலைக்கு வந்ததே முதுகால்தான். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. சொந்தக் குழந்தையைத் தூக்க முடியாமல் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அது அழ இவரும் அழ, பார்க்கச் சகிக்காது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி, விலா பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுக்கவும், வயிறு தானாக உள்ளே போகும்வரை விடவும் கற்றுக்கொடுத்தாள். அதுதான் ஆரம்பம். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட அன்றைக்கே அண்ணி சொல்லிவிட்டார், இனிமேல் நாற்காலி வேலைக்குப் போகப்போவதில்லை என்று. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. என் அண்ணன் எலக்ட்ரீஷியன். கரண்ட் பற்றித் தெரிந்த அளவுக்கு அவனுக்குப் பெண்டாட்டியைப் பற்றித் தெரியாது. ஆனாலும் குறுக்கே நிற்கவில்லை, நல்லவன். அண்ணி படித்தார், பரீட்சை எழுதினார், இடம் தேடி அலைந்தார்.

இடம் கிடைத்தது ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த ஜிம்மில். முன்னால் இரும்பு தூக்குகிற கூடம். பின்னால் இரண்டு அறைகள், நடுவில் ஒரு மெல்லிய சுவர். ஒரு அறையில் ஓடாத சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, காது கிழியப் பாட்டு வைத்து மிதிப்பார்கள். மற்ற அறையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் அண்ணிக்கு. சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் சுருட்டி வைத்த பாய்கள், ஆணியில் தொங்கும் அகல ரப்பர் பட்டைகள். கீழே டயர், மேலே பட்டை. இரண்டும் சேர்ந்து அந்த அறையில் எப்போதும் ஒரு ரப்பர் வாசனை.

அங்கே அண்ணியைத் தாங்கியது அவர் குரல். என் குரல் மாதிரி முரட்டுக் குரல் இல்லை. தெளிவாக, கணீரென்று இருக்கும். "இழுங்க... விலா விரியட்டும்... இப்போ விடுங்க, விடுங்க, இன்னும் இருக்கு, விடுங்க..." என்று அவர் எண்ணிக்கொண்டே போவதைக் கேட்டால் கூடத்தில் இரும்பு தூக்குகிறவன்கூடக் கொஞ்சம் நிதானமாகிவிடுவான். வகுப்பில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். நாள் முழுக்க ஓட்டி முதுகு போனவர். மேட்டில் கியர் மாற்றும்போதுகூட டீச்சர் குரல் காதில் கேட்கிறது என்பார். கழுத்து வலியோடு வந்த பல் டாக்டரம்மா ஒருவர். பிறகு ரிட்டயர் ஆன டிராபிக் போலீஸ்காரர் ஒருவர். லாரிக்காரரும் போலீஸ்காரரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில். "வாழ்நாள்ல முதல் தடவையா நிம்மதியா உங்க பக்கத்துல படுத்திருக்கேன் சார்" என்று லாரிக்காரர் சொல்ல, வகுப்பே சிரித்ததாம்.

அந்தக் குரலுக்குத்தான் வந்தது வினை. பக்கத்து அறைப் பாட்டை மீறிக் கத்திக் கத்தி அண்ணிக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது. மிட்டாயைச் சப்பிக்கொண்டு சமாளித்தார். ஒருநாள் வகுப்பின் நடுவே "விடுங்க" என்று வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"குரல் நாண் ரெண்டுலயும் தடிப்பு வந்திருக்கு. அடுத்து நான் பாக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னும் கூடாது, செருமக் கூடாது, வாய்விட்டு அழக்கூடக் கூடாது. பேசினீங்கன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அடுத்து அவர் பார்க்கும் நாளோ அடுத்த மாதத்தில் இருந்தது. அண்ணி தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் கைதட்டல் ஆட்சி ஆரம்பமானது. ஒரு தட்டு தட்டினால் அண்ணன் வரவேண்டும், இரண்டு தட்டினால் பிள்ளைகள். அண்ணன் பாவம், பக்கத்து வீட்டு டிவியில் கைதட்டினாலும் எழுந்து ஓடி வந்தான். சிரித்தோம்தான். ஆனால் எல்லோருக்கும் உள்ளே ஒரே பயம். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் அண்ணிக்கு வேறு இடம் இல்லை, அலைந்து பார்த்தாயிற்று. நாற்காலி வேலைக்குத் திரும்ப அந்த முதுகு இடம் கொடுக்காது.

ஜிம் ஓனர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் கட்டழகுப் போட்டியில் நின்றவராம். இப்போதும் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை எக்கிக்கொண்டேதான் நடப்பார். அந்த மனிதர் முழு மூச்சு விட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. "டீச்சர் பேசாம எப்படிம்மா கிளாஸ்? சைக்கிளுக்கு ஆள் வரிசையில நிக்குது" என்றார். சும்மாவா விட்டேன்? சில நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். நான் பேசினால் பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், காது வலிக்குமே.

முதல் பேசாத வகுப்புக்கு நானும் போனேன். "டீச்சருக்குத் தொண்டை சரியில்ல. பேச மாட்டாங்க. தெரிஞ்சதுதானே, நீங்களா செய்யுங்க" என்று அறிவித்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். எல்லோரும் படுத்தார்கள். அண்ணி கையை உயர்த்தினார். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அவ்வளவுதான். ஒருவரும் விடவில்லை.

படுத்தபடி கூரையைப் பார்க்கிறவர்களுக்கு அண்ணி கையை இறக்கியது தெரியவில்லை. "விடுங்க" என்ற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே கிடந்தார்கள். பல் டாக்டரம்மாவின் கன்னம் உப்பியது. போலீஸ்காரர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. ஐயோ, என் கண்ணெதிரே ஒரு மனிதர் போய்விடப் போகிறாரே!

"சார், விடுங்க சார்!" என்று கத்தினேன். டயர் பஞ்சரான மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

"டீச்சர் சொல்லலியேம்மா" என்றார் போலீஸ்காரர், மூச்சு வாங்க.

"அதுக்காக? செத்தா போவீங்க?"

லாரிக்காரர் பக்கத்துப் பாயிலிருந்து சொன்னார், "இவர் கை காட்டாம நான் வண்டியை எடுத்தா விட்டிருப்பாரா? அதே பழக்கம்தாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியைத் தவிர. அவர் கண்ணாடி ஓரமாக நின்று, வரிசையாகப் படுத்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை அப்போது புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் இவர்களுக்கு ஒரு குரல் வேண்டும், குரலென்றால் அதற்கு நான் இருக்கிறேன் என்பதுதான்.

மறுநாள் அண்ணி வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, நடுவில் போய் நின்றுவிட்டேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. "இழுங்க", "விடுங்க", இதில் என்ன வித்தை? அண்ணி கையால் தாளம் காட்டினார், நான் சொன்னேன். ஆனால் கூட்டத்தைப் பார்த்து நின்று சத்தமாக எண்ணினால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவள் கடைசியில் வேகத்தைக் கூட்டுவாள். அப்போதுதான் வாங்குகிறவனுக்குப் பதற்றம் வரும், விலை ஏறும். என்னை அறியாமலே குரல் ஏறியது. "இழு, விடு. இழு, விடு. இழு விடு இழு விடு..." அண்ணி மெதுவாக, மெதுவாக என்று கையைக் காட்டினார். என் கண் அங்கே இல்லை. அத்தனை பேரும் என் வேகத்துக்கு நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. முடிக்கிற இடத்தில் வாயில் அதுவாகவே வந்தது:

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

பல் டாக்டரம்மா "எனக்குத் தலை..." என்று எழுந்து உட்காரப் பார்த்து, அப்படியே சாய்ந்துவிட்டார். மற்றவர்களுக்கும் கிறுகிறுப்பு, விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி என்றார்கள். அண்ணி பாய்ந்து போய் டாக்டரம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சோரம் உள்ளங்கையை வைத்து, தன் மூச்சை அவருக்குக் காட்டி நிதானப்படுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்து, "பல் பிடுங்கிக்கறவங்க நிலைமை இப்போதான் புரியுது" என்றார், நல்ல மனுஷி.

சத்தம் கேட்டு ஜிம் ஓனர் வந்து நின்றார். அறையில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. மாசக் கடைசியில நானே வந்து பாக்கறேன். உங்க வாயால நீங்க கிளாஸ் எடுத்தா எடுங்க. இல்லன்னா இந்த நேரத்தை சைக்கிளுக்குக் கொடுத்துடறேன். யாருக்காவது ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும்."

மாதக் கடைசி முதலில் வருகிறது. டாக்டர் பேசலாம் என்று சொல்கிற நாள் அதற்குப் பிறகு. தொண்டையைக் காப்பாற்றினால் வகுப்பு போச்சு. வகுப்பைக் காப்பாற்றப் பேசினால் தொண்டை போச்சு.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அண்ணன் சொன்னான், "விட்டுடும்மா. குரல்தான் முக்கியம்." நான் சொன்னேன், "நான் மெதுவா எண்ணிப் பழகறேன் அண்ணி, இன்னொரு தடவை பாப்போம். அந்த ஆளு என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான், வந்து பாக்கறாராம், இவரு பெரிய..." பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அண்ணி வந்து, என் விலாவின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தார்.

"அண்ணி, கூசுது!"

கையை எடுக்கவில்லை. நான் பேசப் பேச அப்படியே வைத்திருந்தார். என்ன ஆயிற்றோ, பேச்சு தானாக நின்றது. அவர் கைக்குள் என் விலா விரிந்தது. நான் விரிக்கவில்லை, அதுவாக விரிந்தது. பிறகு அதுவாக இறங்கியது. காலையில் கத்த ஆரம்பித்ததிலிருந்து அன்றைக்கு அதுதான் என் முதல் மூச்சு போல இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, சோப்பு நுரை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணி போனை எடுத்துத் தட்டிக் காட்டினார். "நீ மெதுவா எண்ணினாலும் வேணாம். நான் எண்ணினதே வேணாம். அவங்க மூச்சு விடக் கத்துக்கல. என் குரலைக் கேக்கத்தான் கத்துக்கிட்டாங்க."

"அப்போ இத்தனை வருஷமா?"

"தப்பா சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்று தட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திகைத்துப்போனேன். குரல் போய், வகுப்பும் போகப்போகிற நேரத்தில், இத்தனை வருட வேலை தப்பு என்று தெரிந்தால் நானாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இந்த மனுஷிக்கோ ஒரு புது வேலை கிடைத்த மாதிரி முகம் பளிச்சென்று இருக்கிறது. நான் என் அண்ணியை மனசார வியந்தது அந்த நிமிடத்தில்தான். அதற்கு முன்னால் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வகுப்பிலிருந்து எண்ணிக்கை கிடையாது. எல்லோரையும் உட்காரவைத்து, அகலமான ரப்பர் பட்டையை ஆளாளுக்கு விலாவைச் சுற்றிக் கட்டி, முன்னால் குறுக்காகக் கொண்டுவந்து இரண்டு நுனியையும் அவரவர் கையிலேயே கொடுத்தார். மூச்சை இழுத்தால் பட்டை இறுகும், விட்டால் தளரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை; சொந்தக் கையே சொல்லிவிடும். அது கைவந்த பிறகு இரண்டு இரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்தார். ஒருவர் மூச்சு இன்னொருவர் முதுகில் தெரியும். அண்ணி ஒவ்வொருவரிடமும் போய், எந்த இடம் அசையவில்லையோ அந்த இடத்தில் கையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவசரமே கிடையாது.

முதலில் ஒரே குழப்பம். "டீச்சர், சரியா பண்றேனா?" என்று ஆளுக்காள் கேட்டார்கள். பதில் கிடையாது, கை மட்டும்தான். இது வேலைக்காகாது என்று சிலர் கழன்றுகொண்டார்கள். லாரிக்காரருக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஒருநாள் திடீரென்று துள்ளி, "ஆ! டீச்சர், அக்குள் வரைக்கும் காத்து போகுது!" என்று சிறுபிள்ளை மாதிரி கத்தினார். டாக்டரம்மாவுக்கு மெல்ல வந்தது. போலீஸ்காரருக்கு மட்டும் வரவே இல்லை. இழுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் நின்றுவிடுவார், முகம் சிவக்கும். அண்ணி அவர் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு, தினமும், மற்றவர்கள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருந்தார். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே, ஆனால் ஒரு நாள் தவறாமல் வந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அண்ணியின் பொறுமையில் பாதி இருந்திருந்தால் நான் இரண்டு கல்யாணம் பண்ணிச் சமாளித்திருப்பேன்.

எனக்கு இன்னொரு கவலை. முன்பெல்லாம் வகுப்பு மொத்தமும் ஒன்றாகத் தூக்கும், ஒன்றாக இறக்கும். பார்க்க அழகாக இருக்கும். இப்போது ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்குகிறார். "ஒழுங்கே இல்லையே அண்ணி, அந்த ஓனர் பாத்தா என்ன சொல்லுவாரு?" என்றேன். அண்ணிக்கோ அதைப் பார்க்கப் பார்க்கத்தான் சந்தோஷம்.

மாதக் கடைசி வந்தது. ஓனர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார். "பேசப் போறீங்களா டீச்சர்?" என்றார். அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கினார். போதாக்குறைக்குப் பக்கத்து அறையில் சைக்கிள்காரர்கள் பாட்டை அலறவிட்டார்கள். தம் தம் தம் என்று சுவர் அதிர்கிறது, கண்ணாடி நடுங்குகிறது. போச்சுடா, இன்றைக்கு எல்லோரும் அந்த அடிக்குத்தான் மூச்சு விடப்போகிறார்கள், என்னுடைய ஏலம் மாதிரி ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

பாலம் மாதிரி இடுப்பைத் தூக்குகிற பயிற்சி. லாரிக்காரர் விட்டுக்கொண்டே ஏறினார். அவர் மேலே போனபோது டாக்டரம்மா கீழே இழுத்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு அவரவர் நேரம், அவரவர் மூச்சு. பக்கத்துச் சுவர் இடிகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் மூச்சுகூட அந்த அடியின் பக்கம் போகவில்லை. எல்லோருக்கும் கடைசியாக மேலே நின்றவர் போலீஸ்காரர். நான் எழுந்து எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். சிவக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், நீளமாக விட்டுக்கொண்டு, முதுகை ஒவ்வொரு கண்ணியாக இறக்கிப் பாயில் வைத்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஓனர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. இவங்களா எல்லாம் செய்யறாங்க. அப்போ இவங்களுக்கு டீச்சரே தேவையில்லையே?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் லாரிக்காரர் படுத்தபடியே சொன்னார்:

"சார், லாரியில பக்கத்து சீட்ல ஒரு ஆள் உக்காருவாரு. ஸ்டியரிங்கைத் தொட மாட்டாரு, பேசக்கூட மாட்டாரு. ஆனா அவர் இறங்கிட்டா ராத்திரி வண்டியை நான் எடுக்க மாட்டேன். டீச்சர் இந்த ரூம்ல இல்லன்னா நாங்களும் இல்ல."

"நானும்தான்" என்றார் டாக்டரம்மா. போலீஸ்காரர் படுத்தபடியே கையை மட்டும் உயர்த்தி, நில் என்பது போல ஓனருக்குக் காட்டினார். ஓனருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிம்மா சரி. இந்த நேரம் டீச்சருக்குத்தான். ஆனா அந்த ஏலக்கார அம்மா மட்டும் கிளாஸ்ல வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

நான் அண்ணியைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். அவர் கண்ணாடியில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். முகம் கோணியது. தோள் குலுங்கியது. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. கேவலுக்கு முந்தின அந்த வெட்டி வெட்டி இழுக்கிற மூச்சு. தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வெளியே வர எத்தனித்தது.

"அண்ணி, அழாதீங்க! ஐயோ, தொண்டை, டாக்டர் சொன்னாரே, அழாதீங்க அண்ணி!" என்று நான் பதறினேன். அழுகிறவளிடம் அழாதே என்றால் நிற்குமா? இன்னும் அதிகமானது. கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தவித்தார். ஒரு கேவல் சத்தமாக வெடித்தால் இத்தனை நாள் மௌனமும் வீண். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து, அண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டு, விலாவின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தார். லாரிக்காரர் வந்து, அந்தப் பெரிய கையை அண்ணியின் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போலீஸ்காரர் கடைசியாக வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு அண்ணியை மெதுவாகக் கண்ணாடியிலிருந்து நகர்த்தி, அந்த இடத்தில் தான் திரும்பி உட்கார்ந்து, தன் முதுகை அவர் முதுகோடு ஒட்டவைத்தார். ஒருவரும் "இழுங்க" என்று சொல்லவில்லை. ஒருவரும் "விடுங்க" என்று சொல்லவில்லை. பக்கத்து அறையில் பாட்டு இடித்துக்கொண்டே இருந்தது. அண்ணியின் மூச்சு உடைந்தது, மறுபடி உடைந்தது.

"அவசரமில்ல டீச்சர்" என்றார் போலீஸ்காரர். "நாங்க இருக்கோம்."

அண்ணியின் விலா டாக்டரம்மாவின் கைக்குள் மெல்ல விரிந்தது. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருக்க, சத்தம் ஒன்றும் இல்லாமல், நீளமாக ஒரு மூச்சை விட்டார்.